பல்லை நகர்த்தும் மெல்லிய விசை

மேல் தாடையிலும் கீழ்த் தாடையிலும் பக்கத்துக்கு ஒன்றாக நான்கு முன்கடைவாய்ப் பற்களை எடுத்துவிட்டு, அந்த இடைவெளிக்குள் முன்பற்களைப் பின்னிழுத்துச் சேர்ப்பது பல் சீரமைப்பு மருத்துவத்தின் நெடுநாளைய வழிகளுள் ஒன்று. பற்கள் நெருக்கியடித்து முளைத்தவர்களுக்கும், இரு தாடை முன்பற்களும் துருத்திக்கொண்டு உதடு மூடச் சிரமப்படுபவர்களுக்கும் இது செய்யப்படுகிறது. இரண்டாவது வகை முக அமைப்பு தென்னிந்தியாவில் பரவலாகக் காணப்படுவதால், பல்லுக்குக் கிளிப் போட வேண்டும் என்றதும் நாலு பல்லை எடுக்க வேண்டியிருக்குமோ என்ற கவலையும் இங்கே கூடவே வந்துவிடுகிறது. எடுத்த பல் விட்டுச்செல்லும் இடம் பக்கத்துக்குச் சுமார் 7 மில்லிமீட்டர். அதை எவ்வளவு விசை கொடுத்து மூடுவது, மூடும்போது முன்பல் பின்னே போகிறதா அல்லது கடைவாய்ப் பல் முன்னே வந்து இடத்தைத் தின்றுவிடுகிறதா என்பதில்தான் சிகிச்சையின் பலன் அடங்கியிருக்கிறது. குறைந்த விசையே போதும், அதுவே நல்லது என்ற கொள்கை நூறாண்டுக்கு மேலாகச் சொல்லப்பட்டு வருகிறது. அதற்குத் தரப்படும் காரணங்கள் எல்லாம் ஒரே அளவு உறுதியானவை அல்ல.

பல் எலும்பில் நேரடியாக ஊன்றி நிற்பதில்லை. வேருக்கும் எலும்புக் குழிக்கும் நடுவே சுமார் கால் மில்லிமீட்டர் தடிப்புள்ள நார்ப்படலம் ஒன்று இருக்கிறது. நார்கள், நுண்ணிய இரத்தக் குழாய்கள், நரம்பு முனைகள், திசுநீர், பலவகைச் செல்கள் எல்லாம் அதற்குள்தான். மெல்லும்போது பல்லின்மேல் பல கிலோ விசை விழுந்தாலும் அது ஒரு நொடிக்கும் குறைவாகவே நிற்பதால் திசுநீர் அதைத் தாங்கிக்கொள்கிறது. விடாமல் நிற்கும் விசையை அப்படித் தாங்க முடியாது. சில நொடிகளில் திசுநீர் பிழிந்து வெளியேற, வேர் குழிக்குள் ஒருபுறம் சாய்கிறது. அந்தப் பக்கம் படலம் நசுங்குகிறது, எதிர்ப்பக்கம் இழுபடுகிறது. நசுங்கியும் இழுபட்டும் இருக்கும் செல்கள் புரோஸ்டாகிளாண்டின் போன்ற இரசாயனங்களைச் சுரக்கின்றன. நான்கு மணி நேர அளவில் இந்த மாற்றங்களை அளந்து பார்க்க முடியும். நாளொன்றுக்கு 4 முதல் 6 மணி நேரமாவது நீடிக்காத விசை பல்லை நகர்த்துவதில்லை என்று கருதப்படுவதும் இதை ஒட்டித்தான்.

இதற்குப் பிறகு நடப்பது விசையின் அளவைப் பொறுத்தது. விசை மென்மையாக இருந்தால் நசுங்கிய பக்கத்து இரத்தக் குழாய்கள் சுருங்குமே தவிர அடைபடுவதில்லை. இரண்டு நாள் அளவில் எலும்பு தின்னும் செல்கள் அங்கே வந்து சேர்ந்து, வேரைப் பார்த்திருக்கும் எலும்புச் சுவரை நேருக்கு நேர் கரைக்கத் தொடங்குகின்றன. எதிர்ப்பக்கத்தில் புது எலும்பு படிகிறது. பல் சீராக நகர்கிறது. விசை மிகுந்தால் குழாய்கள் அடைபட்டு, அந்த இடத்துத் திசு இரத்தமின்றி இறக்கிறது. நுண்ணோக்கியில் அந்தத் திட்டு செல்களே இல்லாமல் கண்ணாடிபோல் வெளிறித் தெரியும். செத்த திட்டில் எலும்பு தின்னும் செல்கள் உருவாக வழியில்லை. அவை பக்கத்து எலும்பு மஜ்ஜையிலிருந்து புறப்பட்டு, எலும்புச் சுவரைப் பின்புறமிருந்து குடைந்து வர வேண்டும். அதற்கு 7 முதல் 14 நாள் ஆகிறது. அதுவரை பல் அசையாமல் நின்று, சுவர் இடிந்ததும் சட்டென்று ஒரு தாவு தாவுகிறது. அதிக விசை கொடுத்தால் சீக்கிரம் முடியும் என்ற எண்ணம் பொய்ப்பது இந்த இடத்தில்தான்.

இந்த இருவகை எலும்புக் கரைவையும் முதலில் பிரித்துக் காட்டியவர் சுவீடனைச் சேர்ந்த கார்ல் சாண்ட்ஸ்டெட். நாய்களின் பற்களை நகர்த்தி, தாடையை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்த அவருடைய ஆய்வு 1904, 1905 ஆண்டுகளில் வெளிவந்தது. ஆல்பின் ஓப்பன்ஹைம் 1911இல் குரங்குகளில் செய்த ஆய்வும் மிகக் குறைந்த விசையையே பரிந்துரைத்தது. ஏ. மார்ட்டின் ஷ்வார்ஸ் 1932இல் இதற்கு ஓர் எண்ணைக் கொடுத்தார்: நுண்குழாய்களில் இரத்தம் ஓடும் அழுத்தமான சதுர சென்டிமீட்டருக்கு 20 முதல் 26 கிராம் என்பதைத் தாண்டாத அழுத்தமே உகந்தது. நார்வேயின் கோரெ ரைட்டன் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் செய்த திசு ஆய்வுகள் ஒரு முக்கியமான திருத்தத்தைச் சேர்த்தன. வேரின் பரப்பும் எலும்புக் குழியின் பரப்பும் மேடு பள்ளமானவை என்பதால், மென்மையான விசையிலும் சில இடங்களில் அழுத்தம் குவிந்து சிறு சிறு செத்த திட்டுகள் உண்டாகவே செய்கின்றன. மென்விசை அவற்றை அறவே தவிர்ப்பதில்லை. சிறிதாக, குறுகிய காலத்துக்கு மட்டும் இருக்கும்படி வைக்கிறது.

ஷ்வார்ஸின் எண்ணை நடைமுறையோடு ஒப்பிட்டால் ஒரு முரண் வெளிப்படும். மேல் கோரைப் பல்லின் வேர்ப்பரப்பு சராசரியாக 282 சதுர மில்லிமீட்டர். பின்னோக்கி நகரும்போது அதில் பாதிதான் எலும்பின்மேல் அழுந்தும் என்று வைத்துக்கொண்டால் 1.4 சதுர சென்டிமீட்டர். அதை 26ஆல் பெருக்கினால் தோராயமாக 37 கிராம்தான் கிடைக்கிறது. மருத்துவர்கள் கோரைப் பல்லைப் பின்னிழுக்க வழக்கமாகத் தருவதோ 100 முதல் 200 கிராம். ஆக, மென்விசை என்று சிகிச்சை அறையில் சொல்லப்படுவது ஆய்வகக் கணக்கின்படி அவ்வளவு மென்மையானதல்ல.

விசை என்பது வேறு, அழுத்தம் என்பது வேறு. நார்ப்படலத்துக்குத் தெரிவது அழுத்தம் மட்டுமே. பல் வெறுமனே சாயும்போது அழுத்தம் வேரின் கழுத்திலும் நுனியிலும் குவிகிறது. ஆகவே 35 முதல் 60 கிராம் போதும். வெளியே தெரியும் கிரீடமும் உள்ளிருக்கும் வேரும் ஒருசேர நகர வேண்டுமானால் அழுத்தம் வேர் முழுதும் பரவுவதால் 70 முதல் 120 கிராம்வரை தேவைப்படுகிறது. பல்லை எலும்புக்குள் அமிழ்த்தும்போது எல்லா அழுத்தமும் வேர் நுனியில் விழுவதால் 10 முதல் 20 கிராமே அளவு. பாடநூல்களில் இடம்பெறும் இந்த எண்கள் ஒற்றைப் பல்லுக்கானவை. எந்த அசைவு என்று சொல்லாமல் இத்தனை கிராம் நல்லது என்று பொதுவாகப் பேசுவதில் பொருளில்லை.

பல்லெடுத்த சிகிச்சையையும் மென்விசையையும் இணைத்து ஒரு முழு முறையாகச் செய்துகாட்டியவர் ஆஸ்திரேலியாவின் ரேமண்ட் பெக். நவீன பல் சீரமைப்பின் தந்தை எனப்படும் எட்வர்ட் ஆங்கிளிடம் கலிபோர்னியாவில் 1924-25இல் படித்தவர் அவர். ஆங்கிளோ பல்லெடுப்பதைக் கடுமையாக எதிர்த்தவர். கால்வின் கேஸ் போன்றோர் அதை மறுத்து வாதாடியும் ஆங்கிளின் கட்சியே நெடுங்காலம் கோலோச்சியது. அடிலெய்டு திரும்பிய பெக், பல்லெடுக்காமல் வரிசைப்படுத்திய பற்கள் மீண்டும் கலைவதைக் கண்டு 1920களின் இறுதியிலேயே பல்லெடுக்கத் தொடங்கினார். ஆங்கிளின் மற்றொரு மாணவரான சார்லஸ் ட்வீட் அமெரிக்காவில் இதே முடிவுக்கு வந்தார். ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் மண்டையோடுகளில் பற்கள் தேய்ந்து தேய்ந்து வரிசை குறுகியிருப்பதைக் கண்ட பெக், தேய்மானமில்லாத நவீன உணவால் பல்லின் மொத்த அகலம் தாடைக்கு மிஞ்சிப்போகிறது என்று 1954இல் எழுதினார். அந்த விளக்கத்தைப் பின்வந்தோர் முழுமையாக ஏற்கவில்லை. அவர் கையாண்ட இயக்கமுறை மட்டும் நிலைத்துவிட்டது.

அந்த முறைக்குக் கம்பிதான் உயிர். மெல்போர்னைச் சேர்ந்த உலோகவியலாளர் ஏ. ஜே. வில்காக் பெக்குக்காக இழுத்துத் தந்த எஃகுக் கம்பி, 0.016 அங்குலம், அதாவது சுமார் 0.4 மில்லிமீட்டர் தடிப்புள்ளது. வளைத்தாலும் தன் வடிவத்துக்குத் திரும்பும் திறன் மிக்கது. கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் கம்பியில் ஒரு வளைவு போட்டு, 60 முதல் 70 கிராம் இழுவிசையுள்ள ரப்பர் வளையங்களை மாட்டினால் முன்பற்கள் தங்குதடையின்றிப் பின்னே சாய்ந்து வரும். கடைவாய்ப் பல்லோ சாய முடியாதபடி வளைவு அதை நிமிர்த்திப் பிடித்திருக்கும். சாய்வதற்குச் சிறு விசை போதும், முழுப் பல்லாக நகரப் பெரு விசை வேண்டும் என்ற வேறுபாட்டையே இந்த முறை பிடிமானமாக, அதாவது பின்பல் முன்வராமல் தடுக்கும் வழியாக, மாற்றிக்கொண்டது. இடைவெளி மூடிய பிறகு, சாய்ந்த வேர்களைச் சிறு வில்கம்பிகளால் நிமிர்த்துவது கடைசிக் கட்டம். இந்தியப் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் பெக் முறை ஒரு தலைமுறைக்கு மேல் பெரிதும் கற்பிக்கப்பட்டது. வேர்களை நிமிர்த்தும் கட்டம் நீண்டதும், ஒவ்வொரு பல்லின் சாய்வும் முன்கூட்டியே அமைக்கப்பட்ட பிராக்கெட்டுகள் (பல்லில் ஒட்டிக் கம்பியைப் பிடிக்கும் துண்டுகள்) வந்ததும் அதன் பிடி தளரக் காரணங்களாயின.

பெக்கின் நம்பிக்கைக்கு அறிவியல் துணையாக வந்தது 1952இல் ஸ்டோரியும் ஸ்மித்தும் வெளியிட்ட ஆய்வு. கோரைப் பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் இடையே வில்கம்பி பொருத்தி அவர்கள் அளந்தபோது, 150 முதல் 200 கிராம்வரை கோரைப் பல் நன்கு நகர்ந்தது, கடைவாய்ப் பல் ஏறக்குறைய அப்படியே நின்றது. 400 முதல் 600 கிராமுக்கு ஏற்றியதும் கோரைப் பல் நின்றுவிட, கடைவாய்ப் பல் முன்னே வரத் தொடங்கியது. பெரிய வேருள்ள பல்லுக்கு அதுதான் உகந்த அளவு என்பது அவர்கள் தந்த விளக்கம். விசையைக் கூட்டினால் நகரக் கூடாத பல் நகர்ந்துவிடும் என்ற இந்தப் பாடம் அன்றுமுதல் மென்விசைக்காரர்களின் முதல் ஆயுதம்.

இந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் மிகச் சிலரே. பிற்கால ஆய்வுகள் இவ்வளவு கூர்மையான எல்லைக்கோட்டைக் காணவில்லை. பீகிள் நாய்களில் 50, 100, 200 கிராம் அளவுகளை ஒப்பிட்டு நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1996இல் வெளியிட்ட முடிவின்படி, நகரும் வேகம் விசையோடு சேர்ந்து கூடவில்லை. நாய்க்கு நாய்தான் வேறுபாடு பெரிதாக இருந்தது. ஒரே நாயின் இரு பக்கங்களும் வெவ்வேறு விசையிலும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் நகர்ந்தன. மனிதர்களின் கோரைப் பற்களை வெறும் 18 கிராமும் 60 கிராமும் கொடுத்து, சாயாமல் பின்னிழுத்த ஓர் அமெரிக்க ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. 60 கிராமில் மாதத்துக்கு 1.27 மில்லிமீட்டர், 18 கிராமிலும் 0.87 மில்லிமீட்டர். அதைவிடக் கவனிக்க வேண்டியது, நடுவில் பல் அசையாமல் நின்ற தேக்கக் காலமே தென்படவில்லை என்பது. அதுவரை வெளியான ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2003இல் வந்த மதிப்புரை, உகந்த விசை என்று ஒற்றை எண்ணைச் சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை என்று முடித்தது. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் சித்திரம் இது: விசை பூஜ்யத்திலிருந்து ஏறும்போது வேகமும் ஏறுகிறது; ஒரு கட்டத்துக்குப் பிறகு சமதளமாகிவிடுகிறது. அந்தச் சமதளத்தின் தொடக்கம் பெரும்பாலோர் நினைப்பதைவிடக் கீழேயே இருக்கிறது. அதற்குமேல் தரும் ஒவ்வொரு கிராமும் முன்பல்லுக்கு ஒன்றும் கொடுக்காமல் பிடிமானப் பல்லை மட்டுமே தொந்தரவு செய்கிறது. ஸ்டோரி-ஸ்மித் பாடம் இந்த வடிவில் இன்றும் செல்லும்.

பிடிமானக் கணக்கு வேர்ப்பரப்பில் இருக்கிறது. மேல் தாடையில் ஆறு முன்பற்களின் வேர்ப்பரப்பைக் கூட்டினால் சுமார் 1,412 சதுர மில்லிமீட்டர். அவற்றை இழுக்கும் இரண்டாம் முன்கடைவாய்ப் பல்லும் முதல் கடைவாய்ப் பல்லும் இரு பக்கமும் சேர்த்து 1,574. கயிறிழுப்பில் இரு தரப்பும் ஏறக்குறைய சமம். இப்படி இழுத்தால் இடைவெளியில் பாதி பின்பற்கள் முன்வந்தே மூடும். இரண்டாம் கடைவாய்ப் பற்களையும் கம்பியில் சேர்த்துக்கொண்டால் பின்தரப்பு 2,474 ஆகிறது. அப்போது மென்விசை முன்பற்களைச் சமதளத்துக்குக் கொண்டுபோக, அதே விசை பின்பற்களின் பெரும் பரப்பில் பரவி, நகர்த்தப் போதாத அழுத்தமாகத் தேய்ந்துவிடும். விசையைக் கூட்டினால் இரு தரப்பும் சமதளத்துக்கு ஏறிவிடும். பரப்பால் கிடைத்த சாதகம் வீணாகிவிடும். முதலில் கோரைப் பல்லைத் தனியாக இழுத்துப் பிறகு நான்கு வெட்டுப் பற்களை இழுத்தால் பிடிமானம் மிஞ்சும் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. ஆறு பற்களையும் ஒன்றாக இழுப்பதோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் பெரிய வேறுபாடு தெரியவில்லை, காலம்தான் கூடுதலாகிறது.

கொடுக்கும் விசை அப்படியே வேரைச் சென்று சேர்வதும் இல்லை. இன்றைய வழக்கமான முறையில் 0.019க்கு 0.025 அங்குலச் செவ்வக எஃகுக் கம்பியின் மீது பற்கள் வழுக்கிச் செல்கின்றன. இழுத்ததும் பல் சற்றுச் சாய்கிறது, பிராக்கெட்டின் இரு முனைகளும் கம்பியைக் கவ்விக்கொள்கின்றன, கம்பி மெல்ல நிமிர்ந்து வேரை இழுத்துச் சேர்க்கிறது, மறுபடி வழுக்கல். இப்படிக் கவ்வுவதிலும் உராய்விலும் விசையில் பாதிவரை போய்விடக்கூடும். அதை ஈடுகட்டத்தான் ஆய்வகக் கணக்கைத் தாண்டி 150 கிராம்வரை கொடுக்கிறார்கள். விசை அளவு மீறினால் கம்பி நிமிர அவகாசம் கிடைக்காது. பற்கள் இருபுறமும் இடைவெளிக்குள் சரிய, முன்பற்கள் கீழிறங்கிக் கடி ஆழமாகும், பக்கவாட்டில் பற்கள் தொடாமல் விலகும். எக்ஸ்ரேயில் வேர்கள் விரிந்து நிற்க, கிரீடங்கள் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். இடைவெளி மூடிவிட்டதாகத் தோன்றும் அந்த வாயில் வேலை இன்னும் பாதிகூட முடிந்திருக்காது.

உராய்வே இல்லாத வழி, கம்பியில் வளையம் போட்டு அதன் விரிப்பால் மூடுவது. சார்லஸ் பர்ஸ்டோன் பீட்டா டைட்டானியம் கம்பியில் அமைத்த டி வடிவ வளையம் இதில் தலைசிறந்தது. பல்லைச் சுழற்றும் திருப்புத்திறனுக்கும் விசைக்கும் உள்ள விகிதத்தை அது கட்டுப்படுத்துகிறது: 7க்கு 1 என்றால் கட்டுக்குள் சாய்வு, 10க்கு 1 என்றால் முழுப் பல் நகர்வு, 12க்கு 1 என்றால் வேர் மட்டும் நகர்வு. மென்விசைக்குப் பொருளறிவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு போதும்: உருண்டைக் கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்காக ஏறும். விட்டம் இரண்டு மடங்கானால் விறைப்பு 16 மடங்கு. ஆகவே மெல்லிய கம்பி, நீளமான கம்பி, நெகிழும் உலோகம் என்ற மூன்றுமே ஒரே நோக்கத்துக்கான வழிகள்.

சிகிச்சை நாற்காலியில் இது எப்படித் தெரிகிறது என்பதை ரப்பர் செயினில் பார்க்கலாம். கடைவாய்ப் பல்லின் கொக்கியிலிருந்து கோரைப் பல்வரை செயினை இழுத்து மாட்டும்போது ஒரு கண்ணியைக் குறைத்துப் போட்டால் விசை எங்கோ ஏறிவிடும். பேனா அளவிலான விசைமானியை வைத்துப் பார்த்தால்தான் அது தெரியும். கைப்பழக்கத்தில் அளவு தெரியும் என்று நம்பி விசைமானியை எடுக்காமலே போடுவது பல இடங்களில் வழக்கம். அது மாற வேண்டிய வழக்கம். மாட்டிய செயின் வாயின் ஈரத்திலும் சூட்டிலும் முதல் நாளிலேயே பாதி விசையை இழந்துவிடுகிறது. ஆக, தொடக்கத்தில் அளவுக்கு மீறிய விசை, நான்காவது வாரத்தில் போதாத விசை. நிக்கல்-டைட்டானியம் சுருள்வில் இதைச் சரிசெய்தது. அது பல மில்லிமீட்டர் நீண்டாலும் சுருங்கினாலும் ஏறக்குறைய ஒரே விசையையே தரும். பிரிட்டனில் 2002இல் வெளிவந்த ஓர் ஒப்பீட்டில் ரப்பர் முடிச்சு மாதத்துக்கு 0.35 மில்லிமீட்டரும், செயின் 0.58 மில்லிமீட்டரும், சுருள்வில் 0.81 மில்லிமீட்டரும் இடைவெளியை மூடின. அளவு குறைந்தாலும் விடாமல் நிற்கும் விசையே பலன் தருகிறது என்பதற்கு இதை ஒரு குறிப்பாகக் கொள்ளலாம். கதவுபோல் மூடும் பிராக்கெட்டுகள் உராய்வைக் குறைத்துச் சிகிச்சையைச் சுருக்கும் என்று விளம்பரப்படுத்தப்பட்டாலும், ஆய்வுகள் அதற்குத் துணைநிற்கவில்லை.

நோயாளி முதலில் கேட்பது வலியைப் பற்றி. விசை கொடுத்த சில மணி நேரத்தில் தொடங்கி, ஒரு நாளில் உச்சத்தை எட்டி, ஒரு வாரத்துக்குள் வலி தணிகிறது. மென்விசை வலியே தராது என்று உறுதி சொல்ல முடியாது. ஒரே விசையை ஒருவர் பொருட்படுத்தாமலும் இன்னொருவர் இட்லிகூடக் கடிக்க முடியாமலும் இருப்பதுண்டு. வலிக்குப் பாராசிட்டமால் எடுப்பது நல்லது. இபுபுரோஃபன் வகை மாத்திரைகள் புரோஸ்டாகிளாண்டினைத் தடுப்பதால், தொடர்ந்து எடுத்தால் பல் நகர்வையே மந்தமாக்கக்கூடும்.

மென்விசைக்கு ஆதரவான மிக வலுவான காரணம் வேகத்தில் இல்லை, வேரின் பாதுகாப்பில் இருக்கிறது. செத்த திட்டுகளைத் துப்புரவாக்க வரும் செல்கள் அருகிலுள்ள வேரின் மேற்பரப்பையும் அரித்துவிடுகின்றன. சிறு பள்ளங்கள் தாமே ஆறிவிடும். பெரியவை வேர் நுனியை நிரந்தரமாகக் குட்டையாக்கும். சிகிச்சைக்காக எப்படியும் எடுக்கப்படவிருந்த முன்கடைவாய்ப் பற்களுக்கு 28 நாள் விசை கொடுத்து, பிறகு எடுத்து அளந்த சிட்னி ஆய்வாளர்கள் 2005இல் ஒரு துல்லியமான கணக்கைத் தந்தார்கள். விசை படாத பற்களோடு ஒப்பிட, 25 கிராம் பெற்றவற்றில் பள்ளங்களின் கொள்ளளவு சுமார் மூன்றரை மடங்கு. 225 கிராம் பெற்றவற்றில் பதினொன்றரை மடங்குக்கும் மேல். மரபுக்கூறு, வேரின் வடிவம், சிகிச்சையின் நீளம், பல் நகரும் தூரம் என வேர் கரைவதற்குக் காரணங்கள் பல. பல்லெடுத்த சிகிச்சையில் வெட்டுப் பற்கள் நெடுந்தூரம் பயணிப்பதால் ஆபத்து கூடுகிறது. இவற்றுள் மருத்துவரின் கையில் முழுமையாக இருப்பது விசை மட்டுமே. அடிக்கடி முடுக்குவதைவிட 4 முதல் 6 வாரம் விட்டுப் பார்ப்பது, வேர் தன்னைச் சரிசெய்துகொள்ள இடம் தருகிறது. வேர் நுனி மழுங்குவது எக்ஸ்ரேயில் தெரிந்தால் சில மாதம் விசையையே நிறுத்திவைப்பார்கள்.

1990களின் பிற்பகுதியிலிருந்து பரவிய சிறு எலும்புத் திருகுகள் பிடிமானத்தைப் பற்றிய பழைய விவாதத்தை மாற்றிவிட்டன. இரண்டாம் முன்கடைவாய்ப் பல்லுக்கும் முதல் கடைவாய்ப் பல்லுக்கும் இடையே எலும்பில் செலுத்தும் திருகிலிருந்து இழுத்தால், கடைவாய்ப் பல் முன்வரும் கவலை பெரும்பாலும் நீங்குகிறது. துருத்திய முகத்துக்கு முழு 7 மில்லிமீட்டரையும் முன்பற்களுக்கே தர முடிகிறது. பிடிமானத்துக்காக விசையை அடக்க வேண்டியதில்லை என்றானதும், கூட்டிப் பார்க்கலாமே என்ற ஆசை வருவது இயல்பு. ஆனால் வேரின் நியாயம் திருகால் மாறுவதில்லை; திருகிலிருந்து இழுக்கும்போதும் பக்கத்துக்கு 150 முதல் 200 கிராமே பொதுவாகக் கையாளப்படுகிறது. கழற்றி மாட்டும் ஒளிபுகு தகடுகளில் இந்த நுட்பம் இன்னும் கைகூடவில்லை. நான்கு பல் எடுத்த வாயில் தகடு நடுவே வளைந்துகொடுப்பதால் பற்கள் இடைவெளிக்குள் சாய்ந்துவிடுகின்றன.

வயது வந்தவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் இறுக்கமாகிறது. செல்கள் விழித்தெழ அதிக நாள் எடுப்பதால் தொடக்க விசையை இன்னும் குறைக்க வேண்டும். ஈறு நோயால் எலும்பு தேய்ந்தவருக்கு எலும்புக்குள் இருக்கும் வேர்ப்பரப்பு குறைந்திருக்கும்; வேர்ப்பரப்பு பாதியானால் அதே கிராம் இரட்டை அழுத்தமாகும். எந்தப் புள்ளியில் விசை பட்டால் பல் சாயாமல் நகருமோ அதுவும் வேர் நுனியை நோக்கி நகர்ந்துவிடுவதால் பல் மேலும் எளிதில் சாயும். அத்தகைய வாயில் விசையைக் குறைத்து, வேரை நிமிர்த்தும் திருப்புத்திறனைக் கூட்டி, ஈறின் வீக்கம் முழுதும் அடங்கிய பிறகே இடைவெளியை மூடத் தொடங்குகிறார்கள்.